காற்றுப் படாமல் ஒட்டிய யன்னல்

குத்துகிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்றாவது ஷெல் குத்தும்போதே முதலாவது கூவத் தொடங்கிவிட்டது.

"படுங்கோ. படுங்கோ. தலையைத் தூக்காதையுங்கோ."

படுக்கிறேன். மணல் ஈரம். மழை. கஞ்சி வாளியைக் கட்டிப்பிடித்தபடி சரிந்து கிடக்கிறேன். வாளி நெஞ்சைச் சுடுகிறது. கூவல் தலைக்கு மேலே போகிறது. போனால் நல்லது. கூவல் நின்றால்தான் பயம். நிற்கிறது. வெடிக்கிறது. பனங்குற்றி ஒன்று முறிகிற சத்தம். பிறகு மண் விழுகிற சத்தம், அரிசி கொட்டுகிற மாதிரி. வாளிக்குள் பார்க்கிறேன். கஞ்சி சிந்தவில்லை.

மாத்தளன் கடற்கரை. 2009, மாசி. தேதி தெரியாது. தேதி சொல்லிச் சாட்சி சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமை. எனக்குச் சத்தங்கள்தான் நினைவிருக்கின்றன.

என் தங்கை ஜெசி பிள்ளை பெற்று ஒரு கிழமைகூட ஆகவில்லை. பெண் பிள்ளை. கூடாரத்துக்குள் பெற்றாள். பால் சுரக்கவில்லை. அதனால்தான் கஞ்சிக்குப் போனேன். அவளும் பிள்ளையும் அவள் புருசன் அருள்நேசனும் பங்கர்க் குழிக்குள் இருந்தார்கள். மேலே பனங்குற்றி. அதற்கு மேலே சேலை கிழித்துத் தைத்த மண்மூட்டைகள். என் கலியாணச் சேலையும் அதில் ஒன்று. மழைத்தண்ணி உள்ளே இறங்கியது. பிள்ளைக்கு உடம்பு நீலம் பாரித்தது. அருள் சிரட்டைக் கரி தேடிக் கொண்டுவந்தான். பால்மாத் தகரத்தில் தணல் போட்டான். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஏறக் கூடாது. காற்றுப் படக் கூடாது. உலகம் தலைகீழாக நின்றாலும் எங்கள் சனம் அதை விடாது. வாசலைத் தரப்பாளால் மூடி விளிம்பில் மூட்டை வைத்தான். மழையும் வராது, காற்றும் வராது.

"அக்கா, நீங்கள் கெதியா வாங்கோ. வந்து தட்டுங்கோ, திறக்கிறன்" என்றான்.

வந்து தட்டினேன். திறக்கவில்லை. நானே மூட்டையை இழுத்தேன். உள்ளே நல்ல சூடு. அந்தச் சூட்டைக் கண்டு எனக்குச் சந்தோஷம் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். மூன்று பேரும் நித்திரை. ஜெசியின் கை பிள்ளையின் மேல். "ஜெசி, எழும்பு. கஞ்சி." எழும்பவில்லை. காயம் தேடினேன். தலை, முதுகு, வயிறு. ஒரு கீறல் இல்லை. முகம் வெளிறவும் இல்லை. மூன்று பேருக்கும் உதடு சிவந்திருந்தது. வெற்றிலை போட்டவர்களின் வாய் மாதிரி. தணல் தகரம் என் காலில் இடறியது. அதைத் தட்டி ஓரமாக்கிவிட்டு பிள்ளையைத் தூக்கினேன்.

பக்கத்துப் பங்கரில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஷெல்லின்ரை புகை. நச்சுப் புகை" என்றார். நான் நம்பினேன். வேறு எதை நம்புவது? இத்தாலிக்கு வந்து அகதி விசாரணையில் கேட்டபோதும் அதையே சொன்னேன். என் தங்கை குண்டின் நச்சுப் புகையில் செத்தாள். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதிகாரி தட்டெழுதினார். பெர்மெசோ தந்தார்கள். அந்த விசாக் கடதாசியோடு இந்த ஊரில் வேலைக்குப் போனேன்.

இப்போது பலேர்மோ. தை மாதம்.

பலேர்மோவில் குளிர் இல்லை என்று வடக்கே மிலானில் இருக்கும் எங்கள் சொந்தங்கள் சொல்வார்கள். வந்து ஒரு தை மாதம் போர்கோ வெக்கியோவின் கல்வீட்டில் இருந்து பார்க்கட்டும். வெயில் வெளியே நிற்கும், உள்ளே வராது. துறைமுகத்தில் இருந்து ஈரக்காற்று ஏறும். சுவரில் கை வைத்தால் கை நனையும். இது உக்ரேனில் போர் நடந்த குளிர்காலம். குழாய் வாயு குறையப் போகிறது என்று தொலைக்காட்சி ஒவ்வொரு நாளும் பயம் காட்டியது. வாயுப் பில் வந்த வீடுகளில் சனம் ஹீட்டரை நிறுத்தியது. போர் எங்கே நடந்தாலும் குளிர் எங்கள் கட்டிலுக்கு வந்துவிடுகிறது.

எங்கள் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. பங்குக் கோவில் மண்டபத்தில் கூடினோம். வேதக்காரர், சைவக்காரர் எல்லோரும்தான். ஹோட்டல் ஒன்றில் சலவை வேலை செய்கிற தேவராசா அண்ணை தானாகவே தலைவராகிவிட்டார். கூட்டம் என்று ஒன்று இருந்தால் அவர்தான் தலைவர்.

"ரஞ்சினி, நீ வன்னியிலை இருந்தனி. ஒண்டுமில்லாமல் சீவிக்கத் தெரிஞ்ச ஆள் நீதான். சொல்லு, என்ன செய்யவேணும்?"

"ஒண்டுமில்லாமல் சீவிக்கிறதெண்டாலும் முதல் கொஞ்சம் சேர்க்கவேணும் அண்ணை."

சிரித்தார்கள். ஆனால் சேர்த்தார்கள். நாங்கள் எல்லோரும் இத்தாலிய வீட்டுக்கார அம்மாக்களின், சிஞோராக்களின் வீடுகளில் வேலை செய்கிறவர்கள். ஒவ்வொரு வீட்டின் பரணிலும் பழைய கம்பளி கிடக்கும். கேட்டு வாங்கினோம். மின் அடுப்பு உள்ள வீட்டில் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைப்பது என்று முறை வைத்தோம். சுடுதண்ணிப் போத்தல்கள் சேர்த்தோம். பிறகு யன்னல்கள். அது என் பொறுப்பு. பெட்டி ஒட்டுகிற அகல ரேப்பை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இடுக்கு, ஓட்டை, கதவின் அடி, பழைய அடுப்புப் புகை போகிற துவாரம், ஒன்றையும் விடவில்லை. பங்கர் அடைத்த கை. சனம் மெச்சியது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

சனிக்கிழமை கந்தன் வீட்டுக்குப் போனேன். போர்கோ வெக்கியோ, மூன்றாம் மாடி. கந்தன் உணவகத்தில் கோப்பை கழுவுகிற பெடியன், யாழ்ப்பாணத்து ஆள். அவன் மனைவி நிர்மலாவுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் குழாய் கசிகிறது என்று வாயுவை அடியோடு மூடிவிட்டார்கள். திருத்த ஆள் வரும் என்றார்கள். வரவில்லை.

நிர்மலா தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்து, போர்வைக்குள் கிடந்தாள். பேறு பார்க்க ஊரில் இருந்து தாய் வருவதற்கு விசா கிடைக்கவில்லை. ஆனால் தாய் வந்துதான் இருந்தார், போனில். கட்டிலுக்கு எதிரே ஒரு மைலோத் தகரப் பேணியில் சாய்த்து வைத்திருந்தார்கள். காலையில் இருந்து இரவுவரை வீடியோவில் நின்று மருமகனை ஆட்டிப் படைத்தார். பேறுச் சரக்கை இப்படி அரை. மீனை அப்படி வை. கந்தன் பாவம், வேலைக்கு லீவு போட்டுவிட்டு மருத்துவிச்சி வேலை செய்தான். குறை சொல்ல முடியாது, நன்றாகச் செய்தான்.

"பிள்ளை ரஞ்சினி, யன்னல் வடிவா ஒட்டினியோ? காத்துப் படக் கூடாது" என்றது போன்.

"எறும்பும் வராது மாமி."

"நாளைக்கு மத்தியானம் இவளுக்கு முழுக வாக்கவேணும் அக்கா" என்றான் கந்தன். "இலை அவிச்ச வேதுத் தண்ணி மின் அடுப்பிலை வைப்பன். முழுகின உடனை கட்டிலுக்குக் கீழை தணல் வைக்கச் சொல்லுறா மாமி. பிள்ளைக்குச் சாம்பிராணியும் காட்டவேணுமாம். கீழை இறைச்சி சுடுற சல்வோ மிச்சத் தணல் தாறனெண்டவன்."

மூலையில் ஒலிவ் காய் வந்த பெரிய தகரம் இருந்தது. பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தாய் ஊரில் இருந்து சொல்வது நியாயமாகத்தான் பட்டது. நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

ஞாயிறு பூசை முடிந்தது. குளிர்காலத்துக்கு ஆயத்தம் சொல்ல ஒரு தீயணைப்பு வீரரைப் பாதர் அழைத்திருந்தார். இளம் ஆள். அவர் இத்தாலியனில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். வாயுச் சிலிண்டரைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். சொன்னேன். ஒரு பிளக்கில் இரண்டு ஹீட்டர் குத்தாதீர்கள். சொன்னேன். வீட்டுக்குள் கரி எரிக்காதீர்கள், மூடிய அறையில் தணல் வைக்கவே வைக்காதீர்கள் என்றார்.

"மூடின அறையிலை தணல் வைக்கக் கூடாதாம்" என்றேன்.

பின் வரிசையில் ஒரு மாமி கேட்டார். "நாங்கள் விறகடுப்பிலை பிறந்து வளர்ந்த சனம். ஆர் செத்தது?"

அதை வீரருக்கு இத்தாலியனில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தணலில் இருந்து ஒரு வாயு வரும் என்றார். மணம் இல்லை. புகை இல்லை. கண் எரியாது. முதலில் தலை நோகும், பிறகு நித்திரை வரும். ஓடவேண்டும் என்று தெரியாது, நித்திரை கொள்ளத்தான் தோன்றும். நாங்கள் கதவை உடைத்துக்கொண்டு போகும்போது ஆட்கள் படுத்திருப்பார்கள். காயம் இருக்காது. உதடு சிவந்திருக்கும்.

நான் சொல்லவில்லை.

மண்டபம் என்னைப் பார்க்கிறது. தேவராசா அண்ணை, "என்ன, என்ன சொல்லுறார்?" என்கிறார். என் காலில் ஒரு தகரம் இடறுகிறது. மழைச் சத்தம் கேட்கிறது. வெளியே நல்ல வெயில்.

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். உதடு சிவந்திருக்கும் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் கதிரை வரிசைகளைப் பார்த்தேன். ஆர் வந்திருக்கிறார்கள் என்று இல்லை, ஆர் வரவில்லை என்று.

"கந்தன் எங்கை?"

"அவன் எப்பிடி வாறது?" என்றார் தேவராசா அண்ணை. "பிள்ளை பிறந்த துடக்கு வீடெல்லோ. துடக்குக் கழியாமல் கோயில் வளவுக்கு வருவாங்களோ?"

இதுதான் எங்கள் சனம். ஆருக்கு இந்தச் சொல் முதலில் போக வேண்டுமோ அவர்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மற்ற எல்லோரும் மண்டபத்தில் இருந்து கேட்டோம்.

போன் எடுத்தேன். கந்தனின் போன் பேச்சில் இருந்தது. மறுபடி எடுத்தேன். பேச்சில்தான். மாமி லைனில் இருக்கிறார். மத்தியானம் கடந்துவிட்டது. முழுக வார்த்து முடிந்திருக்கும். வீரரிடம் முகவரி சொன்னேன். அவர் தன் நிலையத்துக்குப் போன் அடித்தார். அவர்கள் வரட்டும் என்று நிற்க என்னால் முடியவில்லை.

ஓடுகிறேன். வியா மக்வேதாத் தெருவில் ஞாயிற்றுக்கிழமைச் சனம். கடைப் பைகள். ஐஸ்கிரீம். என் செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டேன். பொலித்தியாமாத் தியேட்டரைத் தாண்டி இறங்குகிறேன். போர்கோவுக்குள் நுழையும்போது குத்துகிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

நான் நிலத்தில் கிடக்கிறேன். கை தலைக்கு மேலே. முகம் கல்லில்.

ஏதோ ஒரு புனிதரின் திருநாள் வெடி. இந்த ஊர்ச் சனத்துக்குப் பட்டப்பகலிலும் வெடி வேண்டும். மரக்கறிக்காரர் ஒருவர் என்னைத் தூக்கி, "சிஞோரா, சிஞோரா" என்றார். அவர் கையைத் தட்டிவிட்டு ஓடினேன். துறைமுகத்தில் கப்பல் ஊதியது. நெடுநேரம் ஊதியது.

கட்டடத்தின் வாசலில் சல்வோ குடல் சுட்டுக்கொண்டு நிற்கிறான். கந்தனுக்குத் தணல் கொடுத்தாயா என்று கேட்டேன். கொடுத்தேன் என்றான், தகரம் நிறைய, பிள்ளைக்கு என்றபடியால் நல்ல தணலாகப் பார்த்துக் கொடுத்தேன். இடுக்கியோடு மேலே வா என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், வந்தான்.

மூன்றாம் மாடி. கதவைத் தட்டுகிறேன். திறக்கவில்லை.

"கந்தன். கதவைத் திற. கந்தன்."

உள்ளே குரல் கேட்கிறது. அப்பாடா என்று இருந்தது. காதைக் கதவில் வைத்தேன். மாமியின் குரல்.

"தம்பி... நிர்மலா... ஏன் பேசாமல் இருக்கிறியள்? படம் அசையேல்லை. இஞ்சை படம் அப்பிடியே நிக்குது. நெட் விட்டுட்டுதோ? தம்பி... நான் கதைக்கிறது கேக்குதோ?"

எத்தனையோ சத்தம் கேட்டவள் நான். இதைவிடப் பயங்கரமான சத்தம் கேட்டதில்லை.

கதவு இரும்பு. சல்வோ பக்கத்து வீட்டுக் கதவை உதைத்துத் திறப்பித்தான். அந்த வீட்டுப் பல்கனியும் கந்தன் வீட்டுப் பல்கனியும் ஒன்றாக ஓடும். நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. ஏறிக் கடந்தோம். பல்கனியில் திறக்கிற ஆளுயர யன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி ஆவி பிடித்திருந்தது. சல்வோ இடுக்கியால் அடித்தான். கண்ணாடி வெடித்தது. விழவில்லை. ரேப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மறுபடி அடித்தான். நொறுங்கிய கண்ணாடி அப்படியே ரேப்பில் தொங்குகிறது. நான் ஒட்டியது. மூன்று சுற்று ஒட்டியது. நன்றாக ஒட்டியிருந்தேன். கையால் பிய்த்தேன். கை வெட்டுப்பட்டது அப்போது தெரியவில்லை, நுழைந்தோம்.

உள்ளே நல்ல சூடு. சாம்பிராணி மணம்.

கந்தன் கதவுக்கு முன்னால் குப்புறக் கிடந்தான். ஒரு கை கதவை நோக்கி நீட்டியபடி. அவனுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும், பிந்தித்தான். நிர்மலா கட்டிலில். பிள்ளை அவள் பக்கத்தில். மூன்று பேர். ஒரு தகரம். இந்த முறை நான் முதலில் தகரத்தைப் பார்த்தேன். "அதை வெளியிலை கொண்டு போ" என்று சல்வோவிடம் தமிழில் கத்தினேன். அவனுக்கு விளங்கியது. பிள்ளையின் உதடு சிவந்திருந்தது.

பிள்ளையைத் தூக்கிப் பல்கனிக்கு ஓடினேன். மூச்சு இருந்தது. சின்ன மூச்சு. முகத்தைக் காற்றுக்குக் காட்டிப் பிடித்தேன். துறைமுகத்துக் காற்று, ஈரம், பச்சைக் குளிர். பிள்ளை பெற்ற வீட்டில் ஆகாத காற்று. படட்டும். நல்லாய்ப் படட்டும். சல்வோ நிர்மலாவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து பல்கனியில் கிடத்தினான். கந்தனைக் காலைப் பிடித்து இழுத்தோம்.

"ஆர் அது? ஆர் அங்கை? என்ரை பிள்ளைக்கு என்ன?" போன் கேட்கிறது.

"நான் ரஞ்சினி, மாமி. கதையாதையுங்கோ. காத்து வரட்டும்."

தெரு முனையில் சைரன். பிள்ளை தும்மியது. ஒரு தும்மல். பிறகு முகத்தைச் சுளித்தது. பிறகு அழுதது. அதன் அழுகையோடு நானும் அழுதேன். சல்வோ சிலுவை போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தான். நல்ல தணல் பார்த்துக் கொடுத்தேனே, நல்ல தணல் பார்த்துக் கொடுத்தேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று பேரையும் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் அறைக்குள் வைத்தார்கள். அதுவும் ஒரு மூடிய அறைதான். வெளியே வாங்குப் பலகையில் இருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடு வந்தார்கள். கந்தனுக்குத் தலையிடி கன நாள் இருந்தது. நிர்மலாவுக்கு முழுகின நாளும் அதற்கு முந்திய சில நாளும் நினைவில் இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்தது அந்த நாட்களில்தான். நாங்கள் சொல்லித்தான் அவளுக்குத் தன் பிள்ளையின் பெயர் தெரியும்.

மாமி சில நாள் போனே எடுக்கவில்லை. பிறகு எனக்கு எடுத்தார். "நாங்கள் எல்லாரையும் இப்பிடித்தானே பிள்ளை வளர்த்தனாங்கள்? உங்களையெல்லாம் இப்பிடித்தானே?" என்று அழுதார்.

"ஊரிலை கூரைக்கும் சுவருக்கும் நடுவிலை காத்துப் போகும் மாமி. ஓலைக்குள்ளாலை போகும். ஆரும் அடைக்கிறேல்லை. இஞ்சை நான் எறும்பும் வராமல் ஒட்டிப்போட்டன்."

அந்த ஞாயிறுக்கு அடுத்த நாளே நான் கத்தரிக்கோலோடு வீடு வீடாகப் போனேன். முதலில் மண்டபத்துக்கு வராதவர்களின் வீடுகள். துடக்கு வீடு, நோயாளி வீடு, ஞாயிறும் வேலைக்குப் போகிறவர்களின் வீடு. ஒவ்வொரு யன்னலிலும் மேலே ஒரு மூலை வெட்டினேன். புகைத் துவாரத்தை எல்லாம் திறந்தேன்.

"ஒட்டினதை ஏன் வெட்டுறாய்? குளிர் வரப்போகுது" என்றார் தேவராசா அண்ணை.

"வரட்டும் அண்ணை. குளிருக்குக் கம்பளி இருக்கு."

மிச்சக் குளிர்காலம் அப்படியே போனது. விறைத்தோம். ஒருவர் வீட்டில் ஒருவர் படுத்தோம். தணல் ஒரு வீட்டிலும் இல்லை.

இனி நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என் பழைய சாட்சியத்தைத் திருத்துகிறேன். என் தங்கை குண்டின் புகையில் சாகவில்லை. அருள்நேசன் அன்போடு கொண்டுவந்த சிரட்டைக் கரியில் செத்தாள். அவனும் செத்தான். பிள்ளையும் செத்தது. வாசலைத் திறந்து வைத்திருந்தால் மூன்று பேரும் இருந்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று. ஷெல் விழாவிட்டால் என் தங்கை ஏன் குழிக்குள் கிடந்து பிள்ளைக்குச் சூடு காட்டப் போகிறாள்? ஆகையால் போரில் செத்தவர்களின் கணக்கில் இருந்து அவர்களை எடுக்க ஒருவருக்கும் விடமாட்டேன். எப்படிச் செத்தார்கள் என்பதைத்தான் திருத்துகிறேன். ஏன் செத்தார்கள் என்பது முன்பு சொன்னதுதான்.

மாத்தளன் கடற்கரையில் இழந்தது: ஜெசி. அருள்நேசன். பெயர் வைக்காத ஒரு பெண் பிள்ளை. மண்மூட்டையாகிப் போன ஒரு கலியாணச் சேலை. ஒரு வாளி கஞ்சி. அதைப் பக்கத்துப் பங்கர்ச் சனம் குடித்தது, நான்தான் கொடுத்தேன்.

போர்கோ வெக்கியோவில் இழந்தது: ஒரு யன்னல் கண்ணாடி. ஒரு செருப்பு. நிர்மலாவின் சில நாள் நினைவு. ஆட்கள், ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லை என்று நான் சாட்சி சொல்வது இதுதான் முதல் தடவை.